பாதியில் நின்ற கை

கிண்ணியாத் துறையடியில் கலீலுர் றஹ்மானை விரும்பியவர்கள் என்று யாரும் பெரிதாக இருக்கவில்லை. அவனுக்குப் பயந்தவர்கள் இருந்தார்கள். நஸ்ரியின் மீன்வாடியில், மீன் வாங்கி விற்கிற கொட்டிலில், அவனுக்கு ஐஸ் ஏற்றுகிற வேலை. நகரத்து ஆலையிலிருந்து பாலத்தைக் கடந்து லொறியில் வரும் ஐஸ் கட்டைகளைக் கொளுக்கியால் இழுத்து, சாக்கு விரித்த தோளில் ஏற்றி, உமி கொட்டிய ஐஸ் அறைக்குள் அடுக்க வேண்டும். பிறகு அங்கிருந்து படகுகளுக்குக் கொண்டுபோய் இறக்க வேண்டும். மற்றவர்கள் இரண்டு பேராகப் பிடிக்கிற கட்டையை அவன் தனியாகத் தூக்குவான். தூக்கியதோடு விடமாட்டான், நின்று மற்றவர்களை ஒரு பார்வை பார்ப்பான். அந்தப் பார்வையைத்தான் ஒருவராலும் பொறுக்க முடியவில்லை. சல்லிக் கிராமத்திலிருந்து வந்து கூட வேலை செய்த அருளம்பலம் ஒருநாள் முதுகைப் பிடித்துக்கொண்டு குந்தியபோது, "தவிடு திண்டு வளந்த உடம்பு, வேற என்ன செய்யும்" என்றான். அருளம்பலம் முதுகைத் தடவிக்கொண்டு எழும்பி அடுத்த கட்டைக்குப் போனார். ஆனால் அதை மறக்கவில்லை.

நஸ்ரி அவனுக்கு முதலாளி மட்டுமல்ல, மச்சானும். கலீலின் மனைவி நஜ்முன் நிஸாவின் மூத்த காக்கா, அதாவது அண்ணன். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து சேர்வது அந்தப் பக்கத்து வழக்கம். வீடு பெண்ணின் பெயரில் இருக்கும். நஸ்ரி தன் தங்கைக்கு ஒரு பள்ளிக்கூட ஆசிரியரைப் பார்த்து வைத்திருந்தான். அவர்களைப் பெற்ற வாப்பா அதைத் தட்டிவிட்டு, கடற்கரையில் வேலை செய்துகொண்டிருந்த கலீலை வீட்டுக்குள் கொண்டுவந்தார். வாப்பா மவுத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார். நஸ்ரியின் கோபம் அவரோடு போகவில்லை. தங்கை பட்டினி கிடந்தால் தனக்குத்தான் வெட்கம் என்று வேலை கொடுத்தான், வேலை கொடுத்ததைத் தினமும் சொல்லிக் காட்டினான். கலீலும் லேசுப்பட்டவனல்ல. மச்சான் தலையைத் திருப்பினால் துப்புவான். இரண்டு பேரும் கீரியும் பாம்புமாகத்தான் ஒரே வாடியில் காலம் தள்ளினார்கள்.

முதலில் கலீலைக் கைவிட்டது தாடை. உறவுக்குள் ஒரு கலியாணம். ஆறு பேர் வட்டமாக இருந்து ஒரே சஹனில், பெரிய தட்டில், சாப்பிடுகிற விருந்து. அவனுக்கு எதிரே நஸ்ரி. முதல் நாலைந்து வாய் இறைச்சியை நன்றாகத்தான் மென்றான். போகப் போகத் தாடை சோர்ந்தது. ஒரு கட்டத்தில் வாய் மூடவே மறுத்தது. இடது கையை நாடிக்குக் கீழே கொடுத்து, தாடையை மேலே தள்ளித் தள்ளி மென்றான். நஸ்ரி சோற்றைப் பிசைந்துகொண்டே அதைப் பார்த்தான்.

"இறைச்சிய மெல்லவும் ஏலாத அளவுக்கு என்னத்தக் குடிச்சிட்டு வந்தாய்?" என்றான், மற்ற நாலு பேருக்கும் கேட்க.

அடுத்தது இடது கண்ணிமை. காலையில் ஒழுங்காகத் திறந்திருக்கும். மத்தியானம் லுஹர் தொழுது முடிகிற நேரம் கொஞ்சம் இறங்கும். பின்னேரத் தொழுகையான அஸருக்குப் பிறகு பாதிக் கண்ணை மூடிவிடும். மோட்டார் சைக்கிளில் பாலத்தால் வரும்போது எதிரே ஒரு லொறி இரண்டாகத் தெரிந்தது. எதற்கு விலகுவது என்று தெரியாமல் கைப்பிடிச் சுவரோடு உரசிக்கொண்டு நின்றான். பின்னேரங்களில் பேச்சு மூக்கால் வந்தது. தேத்தண்ணீர் குடித்தால் சிலவேளை அதுவும் மூக்கால் வந்தது. ஒரு நல்ல நித்திரை கொண்டு எழும்பினால் எல்லாம் சரியாகிவிடும். அதனால் அவனும் இதை ஒரு வருத்தம், ஒரு நோய் என்று எண்ணவில்லை. வேலை கூடிவிட்டது என்று நினைத்தான். தன் உடம்பு தோற்றுப்போவதை யாரிடமாவது சொல்வதற்கு அவனுக்கு வாய் வரவுமில்லை.

ஒன்றை மட்டும் கவனித்தான். ஐஸ் அறைக்குள் போய்ச் சற்று நேரம் நின்றால் இமை தானாக மேலே எழும்பும். குளிரில் கண் தெளியும். வெளியே வெயிலுக்கு வந்தால் பழைய குருடிதான். அடிக்கடி உள்ளே போய் நிற்கத் தொடங்கினான். நஸ்ரி அதையும் கண்டான்.

"உள்ளுக்க குளிர்ல நிண்டாச் சுகம். வெளிய வேலையக் கண்டா வருத்தம். நல்ல வருத்தம் இது."

ஊருக்கு இவ்வளவும் போதும். கண் சொருகுகிறது, நாக்குக் குழறுகிறது, அந்தியானால் கால் தள்ளாடுகிறது. கிண்ணியாவில் ஒரு முஸ்லிம் ஆண் இப்படி நடந்தால் அதற்கு ஊர் ஒரே ஒரு காரணம்தான் சொல்லும்: குடி. தேத்தண்ணீர்க் கடையில் கலீல் வந்து குந்தினால் பக்கத்துக் கதிரை காலியானது. வீட்டில் நஜ்முன் நிஸா சாப்பாடு வைக்கிற சாட்டில் கிட்ட வந்து மூச்சை மணந்து பார்த்தாள். அவள் மணக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனான்.

ஒரு பின்னேரம் ஆழ்கடலுக்குப் போகிற படகொன்று அவசரமாக ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தது. கலீல் கட்டையோடு, படகுக்குப் போட்டிருந்த பலகையில் கால் வைத்தபோது தோள் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிட்டது. கட்டை விழுந்து, கீழே நின்ற நிலக்சன் என்ற படகுக்காரனின் கால்விரல்களை நசுக்கியது. நிலக்சன் காலைப் பிடித்துக்கொண்டு மணலில் உருண்டான். நஸ்ரி வாடிக்குள்ளிருந்து வந்தான். காயப்பட்டவனைப் பார்க்கவில்லை. நேரே கலீலிடம் வந்தான்.

"வாய ஊது பாப்பம்."

"என்னத்துக்கு ஊத?" என்றான் கலீல். சொல் மூக்கால் வழிந்தது.

"கேளுங்க எல்லாரும். இதுதான் இவன்ட கதை. என்ட தங்கச்சிட சோத்தத் திண்டுட்டு, என்ட வாடியில குடிச்சிட்டு நிக்கான்."

கலீல் கையை ஓங்கினான். எத்தனையோ வருடம் ஐஸ் தூக்கிய கை அது. விழுந்திருந்தால் நஸ்ரி எழும்பியிருக்க மாட்டான். ஆனால் தோள் உயரத்துக்கு வந்த கை அங்கேயே நின்றது. அவன் பல்லைக் கடித்து உந்தினான். கை கேட்கவில்லை. பிறகு அது தன் பாட்டில் மெல்ல இறங்கித் தொடையில் வந்து தட்டியது.

படகிலிருந்து ஒருவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு மற்றவர்களையும் தொற்றியது. அருளம்பலமும் சிரித்தார். நஸ்ரி மட்டும் சிரிக்கவில்லை.

"குடிச்சவனுக்கு அடிக்கவும் ஏலா," என்று சொல்லிவிட்டு, நிலக்சனைத் தூக்கச் சொன்னான்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலை நடத்துகிற மரைக்கார்மார் கலீலைக் கூப்பிட்டார்கள். நடுவில் அஸீம் ஹாஜியார் இருந்தார். வெயிலில் நடந்து வந்த களைப்பில் கலீலின் இரண்டு இமையும் இறங்கியிருந்தன. விரலால் ஒரு இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் அவரைப் பார்க்க முடிந்தது.

"கையக் கீழ போட்டுட்டுக் கதை," என்றார் ஹாஜியார். "பள்ளிக்குள்ள கூத்துக் காட்டாத."

"வல்லாஹி, ஒரு சொட்டும் தொட்டதில்ல ஹாஜியார்."

அந்தச் சத்தியமும் குழறித்தான் வந்தது. மரைக்கார்மார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திருந்துகிற மட்டும் பெண்பிள்ளையின் வீட்டில் இருப்பது சரியில்லை என்று சொன்னார்கள். அவன் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது அவனுடைய உடுப்புப் பை கேற்றடியில் கிடந்தது. பக்கத்தில் நஸ்ரி.

"இது என்ட தங்கச்சிட வீடு. உன்ட வாப்பா கட்டித் தந்ததில்ல."

நஜ்முன் நிஸா வாசற்படியில் நின்றாள். அவளுக்குப் பின்னால் அவளுடைய உம்மா, கலீலின் மாமி. இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நஸ்ரி சொன்னதை விட அந்த மௌனம்தான் கலீலுக்கு ஆழமாக ஏறியது. பையை எடுத்தான். இரண்டு கையாலும் எடுத்தான், ஒரு கையால் ஏலவில்லை.

மூதூரில் அவனுடைய ராத்தா, மூத்த சகோதரி உம்மு குல்சும் தையல் தைத்துப் பிழைத்தாள். வாய் கொஞ்சம் நீளம். தம்பி வந்து படலையில் நின்றதும் முதலில் திட்டினாள், பிறகு சோறு போட்டாள், பிறகு சில நாள் ஒன்றும் கேட்காமல் மெஷினில் இருந்தபடியே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் அவன் கோடாலி எடுத்து விறகு பிளப்பான். அந்தியில் தேத்தண்ணீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தும் சிந்துவான்.

"குடிகாரன் அந்தியில குடிச்சிட்டு விடியத் தள்ளாடுவான்," என்றாள் ஒருநாள். "நீ விடிய நல்லா இரிக்காய், அந்தியில தள்ளாடுறாய். இடையில என்ட முத்தத்த விட்டு அசையவுமில்ல. இது குடி இல்லடா. வெளிக்கிடு ஆஸ்பத்திரிக்கு."

"எனக்கு ஒண்டும் இல்ல."

"உனக்கு ஒண்டும் இல்ல எண்டா உன்ட கண்ணுக்கென்ன, அதுவும் உன்னக் கோவிச்சிட்டா? வெளிக்கிடு."

திருகோணமலை ஆஸ்பத்திரியில் கிளினிக்கின் வாங்குப் பலகையில் அவனைப் பிடித்து இருத்தி வைத்தாள். அவர்களைக் கூப்பிட்ட டொக்டர் அனுஷியா இளம் வயது, களைத்த முகம். எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

"குடிக்கிறனீங்களோ?"

கலீல் எழும்பிவிட்டான். உம்மு குல்சும் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துத் திரும்ப இருத்தினாள்.

"எல்லாரிட்டையும் கேக்கிறதுதான் ஐயா," என்றார் டொக்டர், தலை நிமிராமல். "கோபத்தை வெளியில வைச்சிட்டு இருங்கோ. மேல பாருங்கோ. நான் சொல்லுமட்டும் கண்ணைக் கீழ இறக்கக் கூடாது."

அவன் முகட்டைப் பார்த்தான். பார்க்கப் பார்க்க இமைகள் வழுக்கி இறங்கின. அதன் பிறகுதான் டொக்டர் நிமிர்ந்து சரியாக இருந்தார். இறப்பர்க் கையுறை ஒன்றுக்குள் ஐஸ் துண்டுகளைப் போட்டு முடிந்து, அவனுடைய இடது கண்ணின் மேல் வைத்துப் பிடித்தார். எடுத்தபோது இடது கண் அகலத் திறந்திருந்தது. வலது கண் இன்னும் பாதிதான்.

கலீலுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பல்ல. "இது எனக்கு எப்பவோ தெரியும். ஐஸ் அறைக்குள்ள போனாக் கண் திறக்கும். அங்க போய் நிண்டதக் கண்டுதான் என்ன வேலைக்கள்ளன் எண்டானுகள்."

"அப்பவே இஞ்ச வந்து அதைச் சொல்லியிருக்கலாம்," என்றார் டொக்டர். பிறகு இரண்டு கையையும் நீட்டி, ஒரு கையின் விரல்களை மற்றக் கையின் விரல்களுக்கு இடையே நுழைத்துக் காட்டினார். "சதை எண்டது பெரிய கயிறு மாதிரி. பிரிச்சுப் பிரிச்சுப் பார்த்தா உள்ளுக்குக் கண்ணுக்குத் தெரியாத இழைகள். ஒரு வரிசை இழை மற்ற வரிசைக்குள்ள இப்படி வழுக்கிப் போகும். கோடிக் கணக்கில இது ஒண்டாய் நடந்தா உங்கட கை மடங்கும். இழைகள் சும்மா வழுக்காது. நரம்பு சொல்லவேணும்."

"நரம்புல பிழையா?"

"இல்லை. நரம்பு போய்ச் சதையைத் தொடுறதில்லை. நடுவில மயிரிழையிலும் சின்ன ஒரு இடைவெளி. நரம்பின்ட நுனியில இருந்து ஒரு மருந்து மாதிரிச் சாமான் கசிஞ்சு, அந்த இடைவெளியைக் கடந்து போய்ச் சதையைத் தட்டும். அதைப் பிடிக்கச் சதையில வாசல்கள் இருக்கு. நரம்பு தட்டத் தட்ட அந்தச் சாமான் குறைஞ்சு கொண்டுதான் போகும், எல்லாருக்கும். வாசல் நிறைய இருந்தால் அது தெரியாது. உங்களுக்கு வாசல் கொஞ்சம்தான் மிச்சம். அதுதான் முதல் தரம் கை எழும்பும், பத்தாந் தரம் எழும்பாது. ஓய்வெடுத்தால் திரும்ப வரும். குளிரில அந்தச் சாமான் கெதியாக் கரையாது, அதுதான் கண் திறக்குது."

"வாசல் எங்க போனது?"

"உங்கட உடம்புதான் உடைக்குது. கிருமியளோட சண்டை பிடிக்க வைச்சிருக்கிற படை, அந்த வாசல்களை எதிரி எண்டு நினைச்சு அடிக்குது."

வெளியில் ஒரு நஸ்ரி போதாதென்று உள்ளுக்குள்ளும் ஒன்று என்று கலீல் நினைத்தான். பிறகு கேட்டான்: "அப்ப இதயமும் ஒருநாள் இப்பிடி நிண்டிடுமா?"

"இதயம் வேற இனச் சதை. குடலும் வேற இனம். அதுகள் உங்களைக் கேட்டு வேலை செய்யிறதில்லை, அதுகளுக்கு இந்த வருத்தம் இல்லை. ஆனா மூச்சு இழுக்கிற சதை உங்கட கைச்சதையின்ட இனம். அதுதான் பயம். குளிசை தாறன். நேரத்துக்கு, சொன்ன அளவுக்கு. பாரம் தூக்கக் கூடாது. மூச்சு முட்டினா உடனே வரவேணும்."

உம்மு குல்சும் எல்லாவற்றையும் இரண்டு தரம் கேட்டு மனதில் பதித்துக்கொண்டாள். கலீல் முதல் குளிசையை ஆஸ்பத்திரி வாசலிலேயே போட்டான். பஸ் பாலத்தை நெருங்கும்போது இமை எழும்பிற்று. கடல் ஒன்றாகத் தெரிந்தது. கையை மேலே தூக்கி பஸ் கம்பியைப் பிடித்தான், கை நின்றது. வேறொருவனாக இருந்தால் அந்த இடத்தில் அழுதிருப்பான். கலீலுக்கு வந்தது வேறு ஒன்று. அந்தக் கையை நஸ்ரி பார்க்க வேண்டும் என்று வந்தது.

ஏழு நாள், ஒரு கிழமை பொறுத்தான். அந்தக் கிழமையில் அவனுக்குத் தடிமனும் இருமலும் பிடித்திருந்தது. ராத்தா துணி வாங்கக் கடைக்குப் போன நேரம் பார்த்துப் பஸ் ஏறினான். ஒரு குளிசை இவ்வளவு பலம் தந்தால் நாலைந்து எவ்வளவு தரும் என்று கணக்குப் போட்டான். வழியிலேயே விழுங்கினான்.

வாடிக்கு முன்னால் லொறி நின்றது. நாலைந்து பேர் ஐஸ் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கலீல் யாருக்கும் ஸலாம் சொல்லவில்லை. ஒருவனுடைய கையிலிருந்து கொளுக்கியைப் பறித்தான். கட்டையைத் தோளில் ஏற்றி அறைக்குள் கொண்டுபோய் வைத்தான். திரும்பி வந்து அடுத்ததை எடுத்தான். நஸ்ரி வாசலில் வந்து நின்றதைக் கண்டதும் நிமிர்ந்து நின்றான்.

"பாத்தியா? குடிகாரன் தூக்குறானா இல்லையா?"

எத்தனையோ வருடம் 'நீங்க' போட்டுப் பேசிய மச்சானிடம் அன்றைக்குத்தான் முதல்முறை 'பாத்தியா' என்று ஒருமையில் பேசினான்.

அடுத்த கட்டையைத் தூக்கியபோது கெண்டைக்காலில் சதை தானாகத் துடித்தது. பிறகு கன்னத்தில், கண்ணோரத்தில், தோளில் எல்லாம் பூச்சி ஓடுவதுபோல் துடிப்பு. வயிற்றைப் பிடித்து முறுக்கியது. வாயில் உமிழ்நீர் ஊறி ஊறி வழிந்தது, விழுங்க ஏலவில்லை. கட்டை எங்கோ விழுந்தது. அவன் ஈரமான உமிக்குள் முகம் குப்புற விழுந்தான்.

"பாத்துக்கொள்ளுங்க," என்று நஸ்ரியின் குரல் கேட்டது. "வாயால நுரை வழியுது. இண்டைக்கு வழமையிலும் கூடக் குடிச்சிட்டு வந்திரிக்கான்."

கலீலுக்கு எல்லாம் கேட்டது. எல்லாம் விளங்கியது. நெஞ்சை மட்டும் உயர்த்த ஏலவில்லை. காற்று மூக்கு வரைக்கும் வந்து நின்றது. யாரோ அவனைப் புரட்டினார்கள். ஒரு முகம் குனிந்து அவனுடைய வாயோடு மூக்கை வைத்து மணந்தது. அருளம்பலம்.

"முதலாளி, இவனில ஒரு மணமும் இல்லை. இவன் மூச்செடுக்கிறானில்லை."

"நடிப்பான்."

"நீலம் பாயுது. நடிக்கிறவனுக்கு நீலம் பாயுமோ?"

கொஞ்ச நேரம் போனது. கலீலுக்கு அது எவ்வளவு என்று தெரியவில்லை. பிறகு நஸ்ரி சொன்னதை அவன் ஒரு சொல் விடாமல் கேட்டான்: "செத்தா என்ட வாடியில சாகக் கூடாது. தூக்குங்க வேனுக்கு."

மீன் வேனில் அருளம்பலம் அவன் தலையை மடியில் வைத்து, வாயிலிருந்து வழிந்ததை உடுத்திருந்த சாரத்தால் துடைத்துக்கொண்டே வந்தார். முன்னால் நஸ்ரி ஓட்டினான். ஹோர்ன் அடித்துக்கொண்டே பாலத்தில் பறந்தான், ஏசிக்கொண்டே பறந்தான். அந்த ஓட்டம் இல்லாவிட்டால் கலீல் பிழைத்திருக்க மாட்டான் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். கலீல் அதை மறுக்கவில்லை. வாடியில் நஸ்ரி சொன்ன அந்தச் சொல்லையும் மறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் விட்டு மெஷினால் மூச்சுக் கொடுத்தார்கள். கண் திறந்தபோது டொக்டர் அனுஷியா கட்டிலடியில் நின்றார். முகத்தில் இரக்கம் ஒன்றும் இல்லை.

"சாமான் குறைஞ்சாலும் சதை நிக்கும், கூடினாலும் நிக்கும். வாசலில வெள்ளம் வந்தால் ஆரும் உள்ள போக ஏலாது. அதோட நெஞ்சில சளி. இன்னொருக்கா இப்படிச் செய்தால் என்னட்டைக் கொண்டுவரத் தேவையில்லை, நேர மையவாடிக்குக் கொண்டுபோகலாம்."

குழாய் வாயில் இருந்த கலீல் கண்ணை ஒருதரம் மூடித் திறந்தான்.

ஒருநாள் நஜ்முன் நிஸா வந்தாள். அவன் முகத்தைத் திருப்பப் பார்த்தான், கழுத்து விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டான். அவள் கட்டில் கம்பியைப் பிடித்தபடி பேசினாள்.

"அண்டைக்கு நான் வாசல்ல பேசாம நிண்டது பிழைதான். நானும் மணந்து பாத்தனான். ஒண்டும் மணக்கல்ல. ஆனா எல்லாரும் சொல்லக்குள்ள என்ட மூக்க நான் நம்பல்ல. கண்ண மூடிக்கொண்டிருந்தாலும் உங்களுக்குக் கேக்கும் எண்டு தெரியும்."

அவன் கண்ணைத் திறக்கவில்லை. அவள் போகவுமில்லை. மாலை மணி அடித்து வெளியே அனுப்பும் மட்டும் நின்றாள். மறுநாளும் வந்தாள்.

பிறகு கொழும்புக்கு அனுப்பினார்கள். நெஞ்சைத் திறந்து, உள்ளே இருந்த தைமஸ் என்ற சுரப்பியை எடுத்தார்கள். அந்தப் பிழையான படைக்குப் பயிற்சி கொடுத்த இடம் அதுதான் என்று சொன்னார்கள். வருத்தம் முழுதாக மாறாது, ஆனால் குறையும் என்றார்கள். திரும்பி வரும்போது கலீலின் முகம் மருந்தால் ஊதியிருந்தது, தோள் வற்றியிருந்தது. நஜ்முன் நிஸா அவனை நேரே கிண்ணியா வீட்டுக்குத்தான் கூட்டி வந்தாள். மறுநாளே நஸ்ரி வந்து கேற்றைத் திறந்தான். அவள் வாசலுக்கு வந்தாள்.

"காக்கா, இது என்ட வீடு. ஊர் கேக்கச் சொன்னது நீங்கதான். உம்மாவப் பாக்க வந்தா பின்பக்கத்தால வாங்க, தேத்தண்ணி தருவன். அவர் இரிக்கக்குள்ள முன்வாசலால வரக் கூடாது."

"நான் தூக்கிக்கொண்டு போகாட்டி இவன் மவுத்து," என்றான் நஸ்ரி.

"நீங்க கேற்றுக்கு வெளிய தள்ளாட்டித் தூக்கத் தேவையுமில்ல."

நஸ்ரி கேற்றைச் சாத்திவிட்டுத் திரும்பிப் போனான். உள்ளே கட்டிலில் கிடந்த கலீலுக்கு அது கேட்டது. சந்தோசமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி அவனுக்குள் இன்னமும் கிடக்கிறது. அவளும் அதை அறிவாள்.

நடக்கத் தெம்பு வந்ததும் அவன் அஸீம் ஹாஜியாரைத் தேடிப் போனான். காலையில் போனான், நாக்குத் தெளிவாக இருக்கிற நேரம்.

"ஜும்ஆவுக்குப் பிறகு கூப்பிட்டுத்தானே சொன்னீங்க. அதே மாதிரி ஜும்ஆவுக்குப் பிறகு, நான் குடிகாரன் இல்ல எண்டு சொல்லுங்க."

ஹாஜியார் தாடியைத் தடவினார். "நாங்க எங்க மகன் உன்னக் குடிகாரன் எண்டு சொன்னம்? கூப்பிட்டு விசாரிச்சம். அவ்வளவுதானே. சொல்லாத ஒண்ட எப்பிடி வாபஸ் வாங்குற?"

"வீட்ட விட்டுப் போகச் சொன்னீங்க."

"நசீஹத் செஞ்சம், புத்தி சொன்னம். சுகமாகிட்டாய்தானே, அல்ஹம்துலில்லாஹ். பழசக் கிண்டாத."

கலீல் எழும்பி வந்தான். அதன் பிறகு அவன் பக்கத்து மஹல்லாப் பள்ளிக்குத்தான் தொழப் போகிறான். தூரம் கூட. வழியில் ஒருதரம் குந்தி ஆறிவிட்டுப் போவான்.

ஐஸ் தூக்கிய காலம் முடிந்தது. நஸ்ரிக்குப் போட்டியாக வாடி நடத்துகிற றிஸ்வி என்பவன் அவனை மீன் ஏலம் கூற வைத்துக்கொண்டான். விடியற்காலையில் குரல் கணீரென்று இருக்கும். வெயில் ஏறி நாக்குத் தடிக்கிற நேரத்துக்குள் ஏலம் முடிந்துவிடும். றிஸ்வி அவனை எடுத்தது நஸ்ரியை எரிச்சல்படுத்தத்தான். அது கலீலுக்குத் தெரியும். தெரிந்தேதான் போனான், நஸ்ரியின் வாடிக்குக் கேட்கிற மாதிரி உரத்துக் கூறுவான். அருளம்பலம் அவ்வழியால் போனால் மட்டும் கூறுவதை நிறுத்தித் தலையசைப்பான். அருளம்பலம் சிலவேளை அசைப்பார், சிலவேளை பார்க்காததுபோல் போவார்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. மச்சான்மார் இருவரும் ஒரு சொல் பேசவில்லை. பிறகு மாமி மவுத்தானார். நஸ்ரிக்கு உம்மா, கலீலுக்கு அதே வீட்டில் பத்தியச் சோறு ஆக்கிக் கொடுத்தவர். வாசலில் பேசாமல் நின்றவரும் அவர்தான், பிறகு குளிசை நேரத்தை ஞாபகப்படுத்தியவரும் அவர்தான். லுஹரோடு அடக்கம் என்றார்கள். கலீல் நேரத்தை எண்ணிப் பார்த்து, சரியான பொழுதுக்குக் குளிசையைப் போட்டான். ஒன்றுதான் போட்டான்.

மாமியின் உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கும்போது முன்பக்கத்துப் பிடி ஒன்றை நஸ்ரி பிடித்தான். மற்றதைப் பிடிக்கக் கலீல் போனான்.

"நீ விடு," என்றான் நஸ்ரி, அவன் பக்கம் திரும்பாமல். "உனக்கு ஏலா. போட்டுடுவாய்."

கலீல் விடவில்லை. தோளைக் கொடுத்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல், ஒரே பாரத்தின் கீழே, கலிமா சொல்லிக்கொண்டு போகிற கூட்டத்துக்கு முன்னால் நடந்தார்கள். வெயில் கடுமையாக இருந்தது. முச்சந்தி தாண்டியதும் தோளின் உள்ளே அந்தச் சோர்வு தொடங்குவதைக் கலீல் உணர்ந்தான். முன்பென்றால் பல்லைக் கடித்திருப்பான். இப்போது அந்தச் சோர்வுக்குப் பின்னால் என்ன வரும், எவ்வளவு கெதியாக வரும் என்று அவனுக்குத் தெரியும். பின்னால் வந்த நிப்றாஸ் என்ற உறவுக்காரனைக் கண்ணால் கூப்பிட்டு, கை தளரும் முன்னமே தோளை மாற்றிக் கொடுத்தான். சந்தூக்கு ஒரு அசைவும் அசையவில்லை.

மையவாடியில் மூன்று கைப்பிடி மண் போடும்போது இருவரும் குழியின் எதிரெதிர்ப் பக்கம் நின்றார்கள். துஆ ஓதி முடிந்ததும் நஸ்ரி முன்வழியால் போனான். கலீல் மதிலோரத்தில் ஒரு நிழல் பார்த்துக் குந்தி, கையில் பலம் திரும்பி வருமட்டும் இருந்தான். பிறகு எழும்பி, மண் ஒட்டிய கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.